இரண்டாவது அடி

எண்பத்தைந்தாம் வருஷம் தவக்காலத்தில் ஒரு சாயங்காலம், பாக்கியம் தன் புருஷனின் கையை உடைத்தாள். செஞ்சியில் அதற்கு முன் எத்தனையோ பெண்கள் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டு மாவுக்கட்டோடு திரும்பியிருக்கிறார்கள். பெண்டாட்டி அடித்து ஓர் ஆம்பளை கட்டுப் போட்டுக்கொண்டது ஊருக்குப் புதுசு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கொஞ்ச நாளைக்கு அதுதான் பேச்சு.

புருஷன் அருள்சாமி மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குகிறவன். குடிக்காத நாளில் பரமசாது. மகள் லூர்துவுக்குத் தலை பின்னிவிடக்கூடத் தெரியும். குடித்துவிட்டால் வேறு ஆள். கல்யாணமான நாளிலிருந்து வாங்கிய அடிக்குப் பாக்கியம் வாய் திறந்ததில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை கிடைத்தபோது வீடு கொஞ்சம் நிமிரும் என்று நினைத்தாள். "சம்பளக்காரி" என்று சொல்லிச் சொல்லி அடிக்க அவனுக்கு இன்னொரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் கை மகள்மேல் போயிற்று. கூப்பிட்டதும் வரவில்லை என்று லூர்துவின் சடையைச் சுருட்டிப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். பாக்கியம் அடுப்படியில் கிடந்த இரும்பு ஊதாங்குழலை எடுத்து அவன் முதுகில் ஒன்று போட்டாள். சடையை விட்டுவிட்டான். பெண் தெருவுக்கு ஓடிவிட்டாள்.

அதோடு நின்றிருக்கலாம். அவன் திரும்பி, "இன்னாடி..." என்று கையைக் குறுக்கே மறைத்தபோது இரண்டாவது அடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அத்தனை வருஷமும் அந்த அடியில் இருந்தது. அடித்த கணத்தில் நெஞ்சு லேசாயிற்று. பிற்பாடு நினைத்தபோது, அப்படி லேசானதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அருள்சாமியின் அண்ணன் காஸ்பர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். "ஆம்பளைய அடிச்சுட்டு அவ ஊர்ல நடமாடறதா? நாங்க இன்னா வளையலா போட்டிருக்கோம்?" என்று கத்தினான். அங்கிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்ததும் எழுத ஆரம்பித்தார்கள். பலத்த காயம் உண்டாக்கியதாக வழக்கு. பாக்கியத்தைக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். சொந்தக்காரர் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ஹுசைன் பீதான் வளையல் கடையிலிருந்த தன் வீட்டுக்காரரை வம்படியாக இழுத்துவந்து ஜாமீன் போடவைத்தாள்.

வேலையும் போயிற்று. "கேஸ் முடியற வரைக்கும் வராதம்மா. புள்ளைங்களுக்குச் சோறு போடற எடம்" என்றார் அதிகாரி. தினமும் நூறு பிள்ளைகளுக்கு வடித்துக்கொட்டிய கை, களைக்கொட்டு பிடித்துக் கூலிக்குப் போயிற்று. அருள்சாமி அண்ணன் வீட்டோடு போய்விட்டான்.

வக்கீல் ஜெயராமனிடம் பாக்கியம் எதையும் மறைக்கவில்லை.

"அவரு புள்ளைய விட்ட பிறவுதான் சார் கை மேல அடிச்சேன்."

வக்கீல் பேனாவை மூடினார். "இத இங்கயே மறந்துடு. பொண்ணைக் காப்பாத்த அடிச்சா சட்டம் ஒத்துக்கும். அவன் விட்ட பிறகு அடிச்சேன்னா தண்டனைதான். உன் பொண்ணு வந்து நடந்ததைச் சொன்னா கேஸ் நிக்காது. கூட்டிட்டு வா."

"அவ வேணாம் சார்."

"ஜெயிலுக்குப் போறியா?"

"போறேன். நைனாவுக்கு எதிரா சாட்சி சொன்னோம்னு அவ காலத்துக்கும் நெனச்சிக்கிட்டு இருக்கக்கூடாது."

வாய்தா மேல் வாய்தாவாக ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு கோர்ட்டு வாசலில் காத்திருந்தாள். கடைசியில் அருள்சாமி கூண்டில் ஏறினான். கை கோணலாகச் சேர்ந்திருந்தது. மூட்டை தூக்க ஆகாது. சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் காஸ்பர் சொல்லிக்கொடுத்தபடி ஒப்பித்தான். பிறகு ஜெயராமன் எழுந்தார்.

"அடி விழுந்தப்போ உன் மக எங்க இருந்தா?"

அருள்சாமி காஸ்பரைத் திரும்பிப் பார்த்தான். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். பாக்கியம் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"அவ சடை என் கையிலதான் சாமி இருந்துச்சி" என்றான். கோணல் கையைத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கையிலதான்."

"எத்தனை அடி?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"ஒண்ணுதான்."

காஸ்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். மகளைக் காப்பாற்றத்தான் அடித்தாள் என்று சொல்லி, அடுத்த வாய்தாவில் பாக்கியத்தை விடுதலை செய்தார்கள். அன்றைக்கு அருள்சாமியும் வந்திருந்தான். கோர்ட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் தனியாகக் குந்தியிருந்தான். அவள் எதிரில் போய் நின்றாள்.

"இன்னாய்யா, அப்பிடியா நடந்துச்சி?"

"குடிச்சிருந்தவனுக்கு இன்னா தெரியும்? எனக்கு அப்பிடித்தான் ஞாபகம்." அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பாப்பா நல்லா இருக்குதா?"

"ஏழாவது படிக்குது."

வீட்டுக்கு வரட்டுமா என்று அவனும் கேட்கவில்லை; வா என்று அவளும் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னானா, போதையில் நிஜமாகவே மறந்துவிட்டானா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கோர்ட்டு விட்டுவிட்டது என்பதால் மனசு விட்டுவிடுமா? ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவள் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடிச்சது பாவம்னு மனஸ்தாபப்படறியாம்மா?"

"படறேன் சாமி. ஆனா மொத அடிக்கு இல்ல."

சாமியார் அவளை ஆசீர்வதித்து அனுப்பினார்.

பழைய பள்ளிக்கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தாள். ஆபீஸ் ஆபீஸாக நடந்து, மறு வருஷம் அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு கிராமத்தில் சமையல் வேலை வாங்கினாள். காலையில் பஸ்ஸில் போனாள். சேர்ந்த புதிதில் அங்கே சிலர் அவளைக் காட்டிக் குசுகுசுத்தார்கள். போகப்போக அவள் சாம்பாரைப் பற்றித்தான் பேசினார்கள்.

அருள்சாமி அதே மண்டியில் வாட்ச்மேன் ஆனான். குடியை விட்டான் என்று சொல்ல முடியாது, குறைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லூர்து அவனுக்குச் சோறு கொண்டுபோனாள். கொண்டுபோ என்று பாக்கியம் சொன்னதில்லை. போகாதே என்றும் சொன்னதில்லை. அந்தக் கிழமை மட்டும் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள்.