அப்புத்துரை வீட்டு ஜாஸ் தட்டு

அப்புத்துரை பினாங்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். கூண்டில் நிற்பவன் தமிழில் "நான் கத்தியை எடுத்தேன்" என்றால், இவரும் மலாயில் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். குரல் பிசகக்கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. கொலைகாரன், திருடன், புருஷனை விட்டு ஓடியவள் என்று எத்தனையோ பேருடைய 'நான்' அந்த வாயில் வந்து போயிருக்கிறது. மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை. தொழில் அப்படிப் பழக்கிவிட்டது.

ஒரே மகன் தவசீலனுக்கு ஜாஸ் பைத்தியம். பழைய கடையில் வாங்கிய ஓர் இசைத்தட்டைச் சதா ஓடவிடுவான். பாட்டு என்று ஒரு வார்த்தை கிடையாது. சாக்ஸபோன் மட்டும் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். இது என்னதான் சொல்கிறது என்று அப்புத்துரை கேட்டால் பையன் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

எண்பத்து நாலில் ஜெலுத்தோங் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தவசீலன் செத்துப்போனான். சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் புஷ்பராணி கதறினாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரி சலேஹாவுக்குத் தமிழ் தெரியாது. புஷ்பராணி என்ன சொல்லி அழுகிறாள் என்று அப்புத்துரையிடம் கேட்டுவிட்டாள். பாவி மனிதர் நிமிர்ந்து நின்றார். "நான் காலையில் அவனைத் திட்டினேன். நான் அவனைச் சாப்பிடச் சொல்லவில்லை" என்று வரி பிசகாமல் மலாயில் ஒப்பித்தார். புஷ்பராணிக்கும் மலாய் தெரியும். அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. வேளைக்குச் சோறு வந்தது, தேநீர் வந்தது, பேச்சு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து உறவுக்காரர்களும் போய்விட்டார்கள். வீட்டின் அமைதி அப்புத்துரைக்குத் தாங்கவில்லை. துக்க வீட்டில் பாட்டா என்று ஊர் சிரிக்கும்தான். சிரிக்கட்டும் என்று மகனுடைய தட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாக்ஸபோன் மெதுவாக ஆரம்பித்தது. பழக்கதோஷம், சாட்சி பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டார். மொழிபெயர்க்க உதடுகூட அசைந்தது. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு சொல் இல்லை. அது ஏதோ சொல்ல வந்து, பாதியில் விழுங்கிக்கொண்டு, மறுபடி வந்தது. யாருக்காகவோ பேசும் வேலை அன்றைக்கு அவருக்கு இல்லை. சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.

ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வந்த புஷ்பராணி சுவரோரம் நின்றாள். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. தட்டு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

"இது என்னப்பா சொல்லுது?" என்றாள்.

அப்புத்துரை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விளங்கல ராணி. நான்..."



புஷ்பராணி இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா போடுங்க" என்றாள்.