க்ளைமாக்ஸில் காணாமல் போன சாந்தி

போன ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டையில் ஒரு குடும்பத்தில் குழப்பம். காரணம் நான். இல்லை, நான் எழுதிய கதை. அதுவும் இல்லை... அந்தக் கதையைக் குறும்படமாக எடுத்த டைரக்டர்.

கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என் நண்பன் தேவராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு காதல் இருந்தது. அது வளர்ந்த இடம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும் – கேட்டைப் போட்டுவிட்டால் கூட்ஸ் வண்டி போகும்... போகும்... போய்க்கொண்டே இருக்கும். இவன் சைக்கிளோடு நிற்பான். எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிற ஒரு பெண்ணும் நிற்பாள். பேசாமல் வேறென்ன செய்வது? கடைசியில் அவள் வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். காதலைச் சொல்லலாம் என்று இவன் ஓடிய அன்றைக்கும் கேட் போட்டிருந்தது. கூட்ஸ் போய் முடிந்தபோது எதிர்ப்பக்கம் அவளை ஏற்றிய கல்யாணக் கார் கிளம்பிவிட்டிருந்தது.

இதைத்தான் பெயர் மாற்றிக் கதையாக எழுதினேன். கடைசிப் பத்தியில், சில வருஷம் கழித்து அதே கேட்டுக்கு ஹீரோவின் மனைவி டிபன் கேரியரோடு வருவாள். "இன்னாயா, கேட்டையே மொறைச்சுகினு நிக்கறே? சோறு ஆறுது" என்பாள். அந்த மனைவி வேறு யாருமில்லை, தேவராஜின் சாந்தியேதான். பழைய காதல் அவளுக்குத் தெரியாத ரகசியமெல்லாம் இல்லை. சொல்லப்போனால் கதையில் அவளுக்குப் பெருமை. "கடைசில வர்றது நாந்தான்" என்று தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டியிருக்கிறாள்.

படத்தை கேரம் கிளப் வாசலில் திரை கட்டிப் போட்டார்கள். முதல் சீனிலேயே கலாட்டா. கேட்டில் ஷூட்டிங் எடுக்கத் தோதுப்படவில்லையாம். கேட், டிராஃபிக் சிக்னலாகியிருந்தது.

"இன்னா மாமே இது? சிக்னல் வுழறதுக்குள்ள பேரக்கூட கேக்க முடியாது. எங்கேர்ந்து லவ் பண்றது?" என்று கத்தினார் கிளப் செயலாளர்.

"நம்ம கேட்டுன்னா லவ் பண்ணி, சண்ட போட்டு, சமாதானமே ஆயிடலாம்" என்றாள் பின்வரிசையில் ஒரு பெண்.

டைரக்டர் நெளிந்தார். எனக்கு உள்ளுக்குள் குஷி. எழுத்தாளன் புத்தி! கேட்டை மாற்றியதற்கே இந்தப் பாடு என்றால் க்ளைமாக்ஸில் மனுஷன் என்ன ஆவார்? ஏனென்றால் அதையும் மாற்றியிருந்தது எனக்கு முன்பே தெரியும். பச்சை விளக்கு எரிகிறது. கல்யாணக் காரிலிருந்து அந்தப் பெண் குதித்து ஓடி வந்து ஹீரோவின் கையைப் பிடிக்கிறாள். சுபம்.

ஒரே விசில்! சிக்னலை மன்னிக்காத ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. தெரிந்த இடத்தை மாற்றினால் சண்டைக்கு வருகிறோம். நடக்காமல் போன ஒன்றை நடத்திக் காட்டினால் மட்டும் யாருக்கும் தப்பாகத் தெரிவதில்லை. ஏன்?

அன்றைக்கு அடித்த விசில்களிலேயே நீளமானது தேவராஜுடையது. பக்கத்தில் சாந்தி உட்கார்ந்திருந்தாள்.

"அவளக் கட்டிக்கினாரு, சரி. கேரியரு தூக்கினு வந்தவ எங்க?" என்று கேட்டாள். எழுந்து போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் கைதட்டிய சுபத்தில் ஒருத்தி காணாமல் போயிருக்கிறாள். எழுதிய நானே கவனிக்கவில்லையே!

மறுநாள் காலையில் தேவராஜ் போன் செய்தான். "மாமே, பேஜாரா கீதுப்பா. அம்மா வூட்டுக்குப் போறேன்னு துணிய மடிச்சுகினு கீறா. நீதான எழுதறவன்... ஒரு நல்ல டயலாக் குடு."

எழுதிக் கொடுத்தேன். துணைக்கு நானும் போனேன். சாந்தியின் முன்னால் நின்று, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தான்: "சாந்தி, நீ இல்லாத கதையில் நான் நாயகனாக இருந்து என்ன பயன்?"

சாந்தி அவனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள். "அண்ணா, இது நீங்க எழுதிக் குட்த்ததுதானே?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். தேவராஜுக்கு வேர்த்துக் கொட்டியது. வேறு வழியில்லாமல் சொந்தமாகப் பேசினான். "யாரோ ஒருத்தன் ஜெயிச்சான்னு விசிலடிச்சேன்மே. அது நான்னு எனக்குத் தோணவே இல்ல. நானுன்னா படத்துல நீ பக்கத்துல இருந்திருப்ப இல்ல?"

நான் எழுதிய வசனத்தின் அதே அர்த்தம்தான். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் மாற்றிவிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

மடித்த புடவையைக் கீழே போட்டுவிட்டு சாந்தி சிரித்தாள். "சரி, குந்து. டீ போடறேன்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இத அப்டியே எழுதுங்க. எதையும் மாத்தக் கூடாது."

அப்படியே எழுதியிருக்கிறேன். பெயர்களைத் தவிர... அப்புறம் இன்னொன்றையும் தவிர. நிஜத்தில் அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போய் வியாழக்கிழமைதான் திரும்பினாள்.

என்ன செய்ய, உங்களுக்குச் சோகமான க்ளைமாக்ஸ் பிடிக்காதே!