பயத்தைப் பற்றிப் பதினெட்டுப் பக்கம்

கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பெரியவர்களுக்கு அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்கு ஆள் தேடிப் பெங்களூரில் அலைய வேண்டாம், எங்கள் ஊரிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறார்கள் என்று பேராசிரியரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். எங்கள் தங்கச் சுரங்க ஊரின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் பூட்டிக் கிடந்த ஒரு கிளப்பின் சீட்டாட்ட அறை கிடைத்தது. இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள், ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு நோட்டு. அப்பாவுக்கு இன்ஜினியரிங் பேக்டரியில் வேலை என்பதால் சுரங்கத்துப் பக்கம் நான் போனதே இல்லை. அதை ஒரு குறையாகவும் நினைக்கவில்லை.

பாடத்தை நானே தமிழில் செய்திருந்தேன். திரையில் 'அடுத்தது' என்றொரு பட்டன். மவுஸால் அதைத் தட்டினால் அரை நிமிஷம் கழித்து அடுத்த பக்கம் வரும். கம்ப்யூட்டரின் வயசு அப்படி. 'பொறு, வேலை நடக்கிறது' என்று காட்டுகிற மணல் கடிகாரப் படம் திரையின் அழகைக் கெடுத்ததால் அதை எடுத்துவிட்டேன். போதாததற்கு அந்த மவுஸ் நாலு தட்டுக்கு ஒன்றை விழுங்கிவிடும். நாமாக இருந்தால் எரிச்சலில் மறுபடி தட்டுவோம். என் மாணவர்கள் தட்டமாட்டார்கள்.

அவர்களில் மூத்தவர் ஒரு வைண்டிங் டிரைவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் எந்திரத்தை இருபத்தைந்து வருஷம் ஓட்டியவர். அந்தக் கூண்டு இறங்கும் ஷாஃப்ட் என்கிற குழியை மூடிவிட்டதால் சும்மா இருக்கப் பிடிக்காமல் என்னிடம் வந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்து ஒரு தட்டு தட்டுவார். உடனே கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். மவுஸ் விழுங்கிய தட்டாக இருந்தால் பத்து நிமிஷம் ஆனாலும் அப்படியே இருப்பார்.

"மறுபடி தட்டுங்க அண்ணே" என்று கெஞ்சுவேன்.

"வரட்டும் மா. இன்னா அவசரம்?"

நான் ஸ்டாப் வாட்சைப் பார்த்து நோட்டில் 'பயம்' என்று எழுதுவேன். மற்றவர்களும் அதே கதைதான் என்பதால் எனக்கு உள்ளூரக் குஷி. சுரங்கத் தொழிலாளிக்குப் புது எந்திரத்தின் மேல் இருக்கும் பயம் பற்றி அம்புக்குறிப் படங்களோடு பதினெட்டுப் பக்கத்தில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். பேராசிரியர் அதில் கையெழுத்துப் போட்டால் ஆராய்ச்சி முடிந்தது. போடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் போகும்.

அவர் நேரில் பார்க்க வந்த அன்றும் டிரைவர் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மவுஸ் விழுங்கிவிட்டது. "பாத்தீங்களா சார், பயம்" என்று கிசுகிசுத்தேன். பேராசிரியருக்குப் பொறுமை கிடையாது. எட்டி மவுஸைப் பிடித்துத் தடதடவென்று தட்டினார்.

டிரைவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "இன்னா சார் பண்றீங்க! பதில் வராம கை வெக்கலாமா?"

கம்ப்யூட்டர் நின்றுபோனது. என் உயிரும்தான்.

"என்ன பதில்?" என்றார் பேராசிரியர். கை இன்னும் டிரைவரின் பிடியில் இருந்தது.

"கீழ லெவல்ல இருந்து பெல் வரும் சார். மேல நிக்கிறவரு அதே பெல்லத் திருப்பி அடிப்பாரு. ரெண்டும் ஒத்துனாதான் நான் லிவர்ல கை வெப்பேன். பதில் வரலன்னா அப்படியே நிக்கணும். நம்ம இஷ்டத்துக்கு ஆட்டுனா கேஜுல இருக்கிறவன் கதி இன்னா?"

"இதுக்குள்ள யாரும் இல்லையே அண்ணே" என்றேன்.

"அத நீங்க சொல்லலையே மா."

பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு என் அத்தியாயத்தை வாங்கி முதல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இவர் கேக்கற பதில் பெல் நீ தூக்கிப் போட்ட மணல் கடிகாரம்தான். தப்பு உன் பாடத்துல. முதல்லேருந்து எழுது" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனார். ஒரு வருஷம் போயே போய்விட்டது. அவர் மேலும் மவுஸ் மேலும் கோபம் கோபமாக வந்தது.

டிரைவர் மட்டும் எழுந்து போகவில்லை. "அதுல இன்னாமா எழுதியிருந்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நீங்க பயப்படறீங்கன்னு எழுதினேன் அண்ணே. பதினெட்டுப் பக்கம்."

"பதினெட்டா!" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாலு மாசமா உங்க எதிர்லதானே உக்காந்துனு இருந்தேன். என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மா."

வெட்கத்தில் முகம் சுட்டது. "கேக்கணும்னு தோணவே இல்ல அண்ணே" என்றேன். அதுதான் உண்மை.