ஐந்தில் ஒன்று

துடுப்பின் தட்டைப் பக்கம் முதலில் தோளில் விழுந்தது. அடுத்தது முதுகில். அதற்குப் பிறகு மார்க்கண்டு வாத்தியார் மேசையைச் சுற்றி ஓடினார். துடுப்பு கரும்பலகையில் பட்டது. பலகை தாங்கியோடு சரிந்து விழ, வெண்கட்டித் தூள் எழும்பியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாங்குகளில் ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒருவரும் கத்தவில்லை.

"எந்தக் கையாலை அடிச்சனீர்? அந்தக் கையை நீட்டும்," என்றான் செபமாலை.

வாத்தியார் நீட்டவில்லை. இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு மூலையில் குந்தினார். செபமாலை முழங்கையைப் பார்த்து ஒன்று போட்டான். மூக்குக்கண்ணாடி தெறித்து அவன் காலடியிலேயே நொறுங்கியது. அதிபர் செபநாயகம் ஓடிவந்து அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்.

"விடு, செபமாலை. பிள்ளையள் பாக்குதுகள்."

"பாக்கட்டும் சேர். காலமை என்ரை பிள்ளைக்கு விழேக்கையும் உதுகள்தானே பாத்தது."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு துடுப்பைத் தோளில் வைத்தான். வந்த வழியே கடற்கரைக்கு நடந்தான். அடித்தால் அடித்ததோடு முடிந்தது என்று நினைக்கிறவன் அவன். குருநகரில் அப்படித்தான் வழக்கம். வலை அறுந்த சண்டையில் மண்டையை உடைத்தவனும் உடைபட்டவனும் மறுவாரம் ஒரே வள்ளத்தில் போவார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவனும் மூன்றாம் வகுப்பு வரை படித்தான். வாய்ப்பாடு வராமல் அடிவாங்கிய ஒருநாள் யன்னலால் குதித்தவன் பிறகு போகவில்லை. போகாததற்குத் தகப்பன் அடித்தார். அடித்து முடிந்ததும் வள்ளத்தில் ஏற்றினார். அன்றிலிருந்து கடல்தான். மகள் பிலோமினா அப்படியில்லை. பின்னமும் தசமமும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அடுத்த மாதம் புலமைப்பரிசில் சோதினை எழுத இருந்தாள்.

காலையில் நடந்தது இதுதான். வாத்தியார் பின்னக் கணக்குக் கொடுத்தார். புத்தகத்தில் மாம்பழம் என்று இருந்ததை, கடற்கரைப் பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று மீனாக மாற்றினார். ஒரு வள்ளத்தில் மூன்று பேர் தொழிலுக்குப் போகிறார்கள். பிடித்த மீனைச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனையில் ஒரு பங்கு?

வகுப்பு முழுவதும் நான்கில் ஒன்று என்று எழுதியிருந்தது.

குருநகரில் வள்ளத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மூன்று பேர் போனால் நான்கு கூறு வைப்பார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் இது தெரியும். வாத்தியாருக்குத் தெரியாது. அவர் வயல் ஊரான அளவெட்டிக்காரர், மீன் தொடாத சைவம். பதினைந்து வருசமாகப் பஸ்ஸில் வந்து, மணி அடித்ததும் பஸ்ஸில் போகிறவர். கடற்கரைப் பக்கம் கால் வைத்ததில்லை.

அத்தனை பேருக்கும் ஒரே பிழை வந்தால் அது பார்த்தெழுதியதுதான் என்று அவர் முடிவுகட்டினார்.

"ஆரைப் பாத்து எழுதினனீங்கள்?"

பார்த்தெழுதினால் இரண்டு அடி என்பது அவருடைய சட்டம். வாங்கு வாங்காக இரண்டிரண்டு அடித்துக்கொண்டு வந்தார். பிரம்பு பிளந்தது. கரும்பலகைக்குக் கோடு போடும் மர அடிமட்டத்தை எடுத்தார். அப்படியே பிலோமினாவிடம் வந்து சேர்ந்தார். அவள் மட்டும் ஐந்தில் ஒன்று என்று எழுதியிருந்தாள்.

"போனது மூண்டு பேர். அஞ்சாவது ஆரடி?"

"செத்துப்போன சித்தப்பா, சேர்."

பின்வாங்கில் யாரோ சிரித்துவிட்டார்கள். வாத்தியாரின் முகம் கறுத்தது. தன்னைப் பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்தார்.

அவள் பகிடி பண்ணவில்லை. செபமாலையின் தம்பி கனிசியஸ் மாரி தொடங்கும்போது கடலில் செத்தவன். நேவிப் படகு சுட்டதில் கழுத்துக்குக் கீழே பிய்ந்துபோய்விட்டது. செபமாலை அவனை மடியில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தான். வள்ளத்தின் அடியில் தேங்கியதை மீன் அள்ளும் கடகத்தால் இறைக்கவேண்டியிருந்தது. கடலில் செத்தவனுக்கு ஆண்டுப் பூசை முடியும்வரை பங்கு உண்டு. ஒவ்வொரு நாளும் அந்தப் பங்கைக் கனிசியஸின் பெண்சாதி இராசாத்தியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் பிலோமினாதான்.

முதல் அடியை வாங்கினாள். இரண்டாவதுக்குக் கையை இழுத்தாள். அடிமட்டத்தின் விளிம்பு சுட்டுவிரலில் விழுந்தது. எழுதுகிற கை.

செபமாலை வீட்டுக்குப் போனபோது அவள் விரலுக்கு மூங்கில் சிம்பு கட்டியிருந்தது. மனைவி லூர்த்தம்மா முறிவு வைத்தியரிடம் காட்டிக் கூட்டிவந்திருந்தாள்.

"துடுப்பாலை குடுத்திட்டு வந்திட்டன்," என்றான். "சரி, முடிஞ்சுது."

"நான் இயக்கப் பெடியளின்ரை காம்பிலை முறைப்பாடு எழுதிக் குடுத்திட்டன்."

"ஆரைக் கேட்டு எழுதினனி?"

"நீங்கள் ஆரைக் கேட்டுத் துடுப்பைத் தூக்கினனீங்கள்?"

அதற்குள் அவனோடு தொழிலுக்கு வரும் சூசைதாசன் படலையில் நின்று கூப்பிட்டான்.

"அண்ணை, வாத்தியாரைப் பஸ்ஸாலை இறக்கிக் கொண்டுபோயிட்டாங்கள். பலகை எழுதியாச்சாம்."

பலகை என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். போன மாதம் சந்தியில் ஒருவனை லைற்கம்பத்தில் கட்டிச் சுட்டிருந்தார்கள். நெஞ்சில் பலகை தொங்கியது. மீன் கூடையோடு அவ்வழியே போன செபமாலைக்கு அதில் எழுதியிருந்ததை முழுதாக வாசிக்க முடியவில்லை. கூடையை மொய்த்த இலையான்கள் பலகைக்குப் போயின.

"நான் ரெண்டு போடச் சொல்லித்தான் எழுதினனான்," என்றாள் லூர்த்தம்மா. "சுடச் சொல்லேல்லை."

"அப்பா, சேரைச் சுடுவினமோ? என்னாலையோ?" என்று பிலோமினா கேட்டாள்.

செபமாலை சட்டையைப் போட்டுக்கொண்டான். அந்த மனிசன் மேல் அவனுக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் நாளைக் காலை அவர் கம்பத்தில் தொங்கினால், பலகையில் இவளுடைய விரல்தான் குற்றமாக எழுதியிருக்கும். இவள் அந்தச் சந்தியால்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

காம்ப், யாரோ கடைக்காரர் விட்டுப்போன வீடு. கராஜில் வாத்தியார் சல்லிக்கல்லில் முழங்காலில் நின்றார். சட்டை இல்லை. துடுப்பு பட்ட இடங்கள் நீலம் பாரித்து, அவற்றின் மேல் புதிய சிவப்புக் கோடுகள் ஓடின. மணல் அடைத்த குழாயோடு ஒரு பெடியன் பக்கத்தில் நின்றான். சுவரில் பலகை சாத்தியிருந்தது. மை காயவில்லை.

பொறுப்பாளனுக்கு இயக்கத்தில் வேறு பெயர். செபமாலைக்கு அவன் அடுத்த ஒழுங்கைத் தேவராசாதான்.

"வாங்கோ அண்ணை. உங்கடை முறைப்பாடுதான் நடக்குது."

"அதைத் திருப்பித் தா தம்பி. நான் அடிச்சிட்டன். அதோடை சரி."

"நீங்கள் அடிச்சது உங்கடை கோவத்துக்கு. இது விசாரணை."

"விசாரிக்க முதலே பலகை எழுதிறதோ?"

குழாய் வைத்திருந்தவன் சிரித்தான். தேவராசா சிரிக்கவில்லை. இடது காதைத் தொட்டுக் காட்டினான்.

"இது கேக்காது, தெரியுமோ? நாலாம் வகுப்பு. பன்னிரண்டாம் வாய்ப்பாடு. காதைப் பிடிச்சுச் சுவரிலை மோதினவர் உவர்தான். அதுதான் இண்டைக்குச் சேரைச் சொல்லச் சொன்னனான். ஒரு வரிக்கு ஒரு அடி. நிக்காமல் முடிச்சால் வீட்டை போகலாம். நிண்டால் திரும்ப முதலிலையிருந்து. மூண்டுதரம் நிண்டால் பலகை. ரெண்டுதரம் நிண்டிட்டார்."

அவன் தலையசைத்தான். வாத்தியார் தொடங்கினார்.

"ஒரு பன்னிரண்டு பன்னிரண்டு." குழாய் விழுந்தது. "இரு பன்னிரண்டு இருபத்துநாலு." விழுந்தது. முப்பன்னிரண்டில் தோல் கிழிந்தது. நாலிலும் ஐந்திலும் குரல் கீச்சிட்டது. "ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு" என்று சொன்னபோது வாயால் இரத்தமும் வந்தது. முன்பக்கம் சரிந்தார். நெற்றி சல்லியில் இடித்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

"நிண்டிட்டார்," என்றான் குழாய்க்காரன்.

"நிக்கேல்லை," என்றான் செபமாலை. சட்டையைக் கழற்றி வாத்தியாருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றான். "மிச்சம் நான் சொல்லுறன். எனக்கு அடி."

தேவராசா குழாய்க்காரனைக் கையால் மறித்தான்.

"உங்களுக்கு வாய்ப்பாடு தெரியுமோ?"

"அடியடா தம்பி."

"ஏழு பன்னிரண்டு," என்றான் செபமாலை. குழாய் தோளெலும்பில் விழுந்தது. அவனுக்குக் கண் இருண்டது. ஏழு பன்னிரண்டு எவ்வளவு என்பது முன்பும் தெரியாது. அதற்காகத்தான் யன்னலால் குதித்தான்.

"எண்பத்துநாலு," என்று சல்லிக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

"எண்பத்துநாலு," என்றான் செபமாலை.

"அவர் சொல்லிக் குடுக்கிறார்," என்றான் குழாய்க்காரன்.

தேவராசா வலது காதைத் திருப்பினான். "அப்பிடியோ? பாத்தெழுதினால் ரெண்டு அடி, என்ன சேர்? உங்கடை சட்டம்தானே. அண்ணைக்கு ரெண்டு கூடப் போடு."

இரண்டு விழுந்தன. எட்டுக்கும் வாத்தியார்தான் தொண்ணூற்றாறு என்று சொல்லிக் கொடுத்தார்; அதற்கும் இரண்டு கூட விழுந்தன. ஒன்பதில் விலாவுக்குள் சுள்ளி முறிந்ததுபோல் ஒன்று முறிந்தது. செபமாலை மூத்திரம் போய்விட்டான். பத்து அவனுக்குத் தெரியும். நூற்றிருபது என்று தானே சொன்னான். ஒரு அடியோடு தப்பினான். பதினொன்றைச் சொல்லிக் கொடுக்க வாத்தியார் தலையைத் தூக்கினார். பல் ஒன்று உதட்டில் ஒட்டியிருந்தது. பன்னிரண்டுக்கு வரும்போது செபமாலையின் வாய் குழறியது. நூற்றுநாற்பத்துநாலு என்று இருவருமே சொன்னார்கள். யார் முதலில் சொன்னது என்று குழாய்க்காரனால் சொல்ல முடியவில்லை. அதற்கும் இரண்டைக் கூட்டிப் போட்டான்.

தேவராசா எழும்பி அந்தப் பலகையைத் திருப்பி வைத்தான். மறுபக்கத்தில் வேறு ஒருவருக்கு எழுதியிருந்தது.

"கூட்டிக்கொண்டு போங்கோ," என்றான்.

ஒழுங்கை முடக்கில் மதிலோடு இருந்தார்கள். செபமாலையால் நிமிர முடியவில்லை. வாத்தியார் செபமாலையின் சட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மேலே ஹெலிகொப்டர் ஒன்று ஆமி இருந்த கோட்டைப் பக்கம் போனது. இருவரும் மதிலோடு ஒட்டினார்கள். சத்தம் தூரப் போனதும் செபமாலை சொன்னான்:

"வள்ளத்துக்கு ஒரு பங்கு சேர். எங்கடை வழக்கம் அது. அஞ்சாவது என்ரை தம்பிக்கு. மாரிக்குத்தான் செத்தவன்."

வாத்தியார் சட்டையை வாயிலிருந்து எடுத்தார்.

"சோதினையிலை மூண்டில் ஒண்டு எண்டுதான் எழுதவேணும்," என்றார். "அவளுக்குச் சொல்லும்."

"சொல்லுறன் சேர்."

மறுநாள் காலை கோட்டையிலிருந்து இரண்டு ஷெல் வந்து கடலில் விழுந்தன. பள்ளிக்கூடம் ஒரு பாடம் பிந்தித் தொடங்கியது. மார்க்கண்டு வாத்தியார் வரவில்லை. அதிபர் கரும்பலகையை ஆணி அடித்து நிறுத்தி, கணக்கைத் தானே திருத்தினார். பிலோமினா வந்திருந்தாள். சந்திக் கம்பத்தில் அன்று யாரும் இல்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். இடது கையால் மூன்றில் ஒன்று என்று எழுதினாள். மூன்று கோணலாக வந்தது.

முறிவு வைத்தியர் வந்து செபமாலையின் நெஞ்சைச் சுற்றிச் சீலை கட்டினார். ஒரு மாதம் கடல் கூடாது என்றார். வள்ளம் முதல்நாள் பின்னேரம் இரண்டு பேரோடு போய், விடியத் திரும்பியிருந்தது. மீன் குறைவு. சூசைதாசன் கரையில் ஐந்து கூறு வைத்தான். வள்ளத்துக்கு ஒன்று, போன இருவருக்கும் ஒவ்வொன்று, இராசாத்திக்கு ஒன்று, படுத்திருக்கிறவனுக்கு ஒன்று. லூர்த்தம்மா வந்து இராசாத்தியின் பங்கையும் சேர்த்து இரண்டை எடுத்துக்கொண்டு போனாள்.