மாப்பிள்ளை வந்து சொல்லும்வரை

போன வருடம், மழை பிடித்துக்கொண்ட மாதம். கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய பெரிய ரயில் நிலையத்தில், வாழை இலைச் சாப்பாடு வயிற்றில் கனத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியான நேரத்தில், என் மாமியாரைத் தவறான ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் நடைமேடையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் கோலாலம்பூருக்குப் பக்கத்தில், பூச்சோங்கில் பிறந்து வளர்ந்தவன். என் மனைவிக்கு ஊர் தருமபுரிப் பக்கம். எங்களுக்கு மகள் பிறந்தபோது பிரசவம் பார்க்க அத்தை, அதாவது என் மாமியார், ஊரிலிருந்து வந்தார். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். வந்த மறுநாளிலிருந்து எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை, குழந்தையின் தொட்டில், துணி காயப்போடும் பால்கனி, இவ்வளவுதான் அவர் பார்த்த மலேசியா. பத்தியச் சமையல் ஒரு பக்கம், குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவது ஒரு பக்கம் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோதுதான் என் மனைவிக்கு உறைத்தது.

"அம்மாவ ஒரு எடமும் காட்டாம அனுப்புறோமேங்க. மலேசியாவுல என்ன பார்த்தேன்னு ஊருல கேப்பாங்க. அடுப்பையும் தொட்டிலையும் பார்த்தேன்னா சொல்லுவாங்க? நாளைக்கு லீவு போடுங்க."

அவள் சொன்ன அந்த நாளைதான் விமானத்துக்கு முந்தின நாள். எனக்கு ஒன்றும் கவலையில்லை. ஊர் சுற்றிக் காட்டுவதில் நான் உறவுக்காரர்களிடம் பெயர் வாங்கியவன். "ஒரே நாள்தான் இருக்கு, எங்க போகலாம்?" என்று யார் கேட்டாலும் பதில் நுனி நாக்கில் இருக்கும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், மத்தியானத்துக்கு மேல் மழை வரும், குடையை மறக்காதீர்கள். கார் வேண்டாம், பார்க்கிங் தேடியே பொழுது போய்விடும், ரயிலில் போங்கள். கழற்றி மாட்ட வசதியான செருப்பு போடுங்கள். சாப்பாட்டுக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ். இதெல்லாம் இன்றைக்கும் நல்ல யோசனைகள்தான், நான் ஒன்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

திட்டத்தை அத்தையிடம் சொன்னேன். "நீங்க சொன்னா சரிங்க மாப்ள," என்றார். எதைச் சொன்னாலும் இதுதான் பதில். மாப்பிள்ளையின் பேச்சை மறுப்பது அவர் வீட்டு வழக்கத்தில் இல்லை. குழம்பில் உப்பு போதுமா என்பதைக்கூட மகள் வழியாகத்தான் என்னிடம் கேட்பார். எங்கள் பக்கத்தில் மாமியாரும் மருமகனும் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள், ரிமோட்டுக்குச் சண்டையும் போடுவார்கள். அதனால் இந்த மரியாதை முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும்போது, கைக்குழந்தையோடு வீட்டிலேயே தங்கிவிட்ட என் மனைவி தன் போன் நம்பரை அம்மாவுக்கு மனப்பாடம் செய்ய வைத்தாள். கையில் போன் இல்லாமல் வழி தவறினால் யாரிடமாவது போன் வாங்கித் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினாள். நான் கூட இருக்கும்போது எப்படி வழி தவறும் என்று சிரித்தேன்.

அன்று காலையே வானம் இறங்கி வந்திருந்தது. இரட்டைக் கோபுரத்தின் தலை மேகத்துக்குள் போய்விட்டது. பாதிக் கோபுரம்தான் இருந்தது, மீதியை நாமே நினைத்துக்கொள்ள வேண்டும். அத்தை அண்ணாந்து அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடுவேனா? ஊரில் காட்டுவதற்குப் படம் வேண்டுமே என்று அவருடைய போனை வாங்கிக்கொண்டு, இங்கே நில்லுங்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். அங்கிருந்து சுதந்திரச் சதுக்கம், அங்கிருந்து கைவினைப் பொருள் விற்கும் பழைய சந்தை. எல்லா இடத்திலும் அவர் நான் சொன்ன இடத்தில் நின்றார்.

சாப்பாடு முடிந்து, கடைசியாக முருகனைக் கும்பிடப் பத்துமலைக்குப் புறப்பட்டோம். போனில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே படியிறங்கியதில் நடைமேடையைக் கவனிக்கவில்லை. வந்து நின்ற ரயிலில் நல்ல கூட்டம். நடுவில் பெண்களுக்கென்று ஒரு தனிப் பெட்டி உண்டு, கதவில் இளஞ்சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதில் மட்டும் இடம் இருந்தது. அவரை ஏற்றி ஜன்னலோரமாக உட்கார வைத்தேன்.

"நீங்க இங்கயே இருங்க அத்தை. நான் பக்கத்துப் பெட்டில இருக்கேன். எறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்ததும் நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் எழுந்திருக்காதீங்க."

"சரிங்க மாப்ள."

பக்கத்துப் பெட்டியில் ஏறியதும் சும்மா ஒரு பேச்சுக்கு, கதவோரம் நின்ற ஒருவரிடம் பத்துமலைக்குத்தானே என்று கேட்டேன். "பத்துமலையா? இல்ல பாஸ், இது போர்ட் கிள்ளான் போறது லா," என்றார். குதித்து இறங்கிப் பெண்கள் பெட்டிக்கு ஓடினேன். என் மூக்குக்கு முன்னால் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடியைத் தட்டினேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. குனிந்து நிதானமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரயில் அவரை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டது.

அவர் போன் என் கையில். அவருக்கு மலாய் ஒரு வார்த்தை தெரியாது. மறுநாள் விமானம். வீட்டுக்குப் போய் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது? அவளைக் கூப்பிட்டுச் சொல்லவும் கை வரவில்லை. பிள்ளை பெற்றவள் பயந்தால் பால் வற்றிவிடும், எந்தக் கெட்ட செய்தியும் அவள் காதில் விழக்கூடாது என்று மூன்று மாதமாக எனக்குப் பாடம் எடுத்தவரே அத்தைதான்.

நிலைய அதிகாரி ஒரு மலாய்க்காரர், பொறுமையானவர். மற்ற நிலையங்களுக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, என்ன நிறச் சேலை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அத்தையைத்தான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் தெரியவில்லை. போனைத் திறந்து பார்த்துத்தான் மயில்கழுத்து நிறம் என்று சொன்னேன். எல்லாப் படத்திலும் அத்தை ஒரே மாதிரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். கடைசிப் படங்களில் ஒரு காலில் பாரத்தைப் போட்டு மற்ற காலை லேசாகத் தூக்கியிருந்தார். கால் வலித்திருக்கிறது.

வழியில் எங்காவது இறங்கியிருப்பாரா என்று அதிகாரி கேட்டார். மாட்டார். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. மாப்பிள்ளை வந்து சொல்லும்வரை அத்தை எழுந்திருக்க மாட்டார். அப்படியானால் கடைசி நிலையமான போர்ட் கிள்ளான் துறைமுகம் வரை போவார். ஆனால் அங்கே யாரும் இறக்கிவிடாவிட்டால் அதே ரயிலில் திரும்பி வந்து, என்னைத் தாண்டி, வடக்கே எங்கேயாவது போய்க்கொண்டே இருப்பார். இந்த நினைப்பு வந்ததும் நான் அங்கே நிற்கவில்லை. அடுத்த ரயிலில் ஏறினேன்.

அந்த ஒரு மணி நேரப் பயணத்தை எப்படிச் சொல்வது? நான் விழித்திருந்தேனா என்றே சில சமயம் சந்தேகமாக இருக்கிறது. கொஞ்ச தூரத்திலேயே மழை வந்தது. ஜன்னலில் தண்ணீர் வழிய வழிய ஊர் கரைந்துகொண்டே போனது. கட்டடங்கள் போயின, தொழிற்சாலைகள் போயின, வீடுகளின் பின்பக்கங்கள் வந்தன. நனைந்த வாழை மரங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கோயிலில் விளக்கு எரிந்தது. சத்தமே இல்லை. ஒவ்வொரு நிலையத்திலும் மயில்கழுத்து நிறத்தைத் தேடினேன். ஷா ஆலாமில் எதிர்த் தண்டவாளத்தில் ஒரு ரயில் வந்து நின்றது. அதன் பெண்கள் பெட்டி எனக்கு நேர் எதிரே. கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். தூங்கும் முகங்கள், முக்காடிட்ட முகங்கள், ஒரு நீலச் சேலை. அந்த அம்மாள் திரும்பினார், வேறு யாரோ. கிள்ளானைத் தாண்டியபோது பெட்டியில் என்னைத் தவிர இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள்.

போர்ட் கிள்ளான் நடைமேடையில் ஒருவரும் இல்லை. அத்தை வந்த ரயிலும் இல்லை. போச்சு என்று நினைத்தேன். வெளிவாசலில் இருந்த காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் கை காட்டினார். வியர்த்து விறுவிறுத்து ஒரு ஆள் ஓடி வருவான், வந்தால் அங்கே அனுப்பு என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

படகுத்துறைக் கூரையின் கீழே ஒரு பெஞ்சு. அதில் அத்தையும், ஏதோ கிடங்கின் சீருடை போட்ட ஒரு தமிழ்ப் பெண்ணும் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து பிசாங் கோரெங் தின்றுகொண்டிருந்தார்கள். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பலகாரம் அது. அத்தை எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டில் நான் ஹாலுக்குள் நுழைந்தால் உடனே எழுந்து நிற்பவர், என்னைப் பார்த்தும் எழவில்லை. "வந்துட்டீங்களா மாப்ள, உட்காருங்க," என்று பக்கத்தில் இடம் காட்டினார். உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணே, நீங்கதான் அந்த மாப்பிள்ளையா? லாஸ்ட் ஸ்டேஷன் ஆன்டி, எறங்குங்கன்னு சொன்னா, மாப்ள வந்து சொல்லணும்னு ஒக்காந்திருக்காங்க. நானும் எவ்ளோ சொல்லிப் பார்த்தேன். கடைசில, ஆன்டி, ஒங்க மாப்ளதான் என்னை அனுப்பினாருன்னு ஒரு பொய்ய விட்டேன். அப்புறம்தான் எறங்கினாங்க."

மகளுக்குப் போன் போடலாம் என்று இவர் தன் போனை நீட்டியும் அத்தை மறுத்துவிட்டாராம். பச்சை உடம்புக்காரி, பயந்துவிடுவாள் என்றாராம். அதே காரணத்துக்காகத்தான் நானும் கூப்பிடவில்லை என்றதும் அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டார். "சரியான மாமியார் மருமகன் லா நீங்க!" மத்தியான ஷிஃப்டுக்கு வந்தவர், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு அத்தைக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் குடையை விரித்துக்கொண்டு லோரிகளுக்கு நடுவே ஓடிவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மழை கனத்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எதிரே பெரிய பாரந்தூக்கிகள் மழைக்குள் மங்கித் தெரிந்தன. ஒரு கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

"ரொம்பப் பயந்துட்டீங்களா அத்தை?"

"ஆமாங்க. நீங்க வரலியே, உங்களுக்கு என்னமோ ஆயிருச்சோன்னு பயந்தேன். நான்தான் தொலைஞ்சு போயிட்டேன்னு அந்தப் பொண்ணு சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அவராகவே தொடர்ந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மாப்ள. காலைலருந்து எவ்வளவோ எடம் கூட்டிப் போனீங்க. எங்க நின்னேன்னு ஞாபகம் இருக்குது, எதைப் பார்த்தேன்னு இல்ல. இந்த ரயில்ல ஒக்காந்துதான் ஊரப் பார்த்தேன். ஒரு வீட்டுப் பின்னால முருங்கை மரம், நம்மூரு மாதிரியே காய்ச்சுத் தொங்குது. ஒரு பொண்ணு, இடுப்புல புள்ளைய வெச்சுக்கிட்டு, மழை வருதுன்னு துணி எடுக்க ஓடுறா. இந்த ஊருலயும் அப்படித்தான் ஓடுறாங்கன்னு நெனைச்சேன். எம்பொண்ணு இங்க பொழச்சுக்குவான்னு தோணிச்சு."

மகளைக் கடல் கடந்து கட்டிக் கொடுத்த ஒரு தாய் மூன்று மாதமாக மனசுக்குள் வைத்திருந்த கேள்வி அது. நானும் ஒருநாள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. மழைச் சாரல் என்று துடைத்துக்கொண்டேன்.

நேரமாகிறது, அடுத்த ரயிலைப் பிடித்தால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தேன். அத்தை எழவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே ஒக்காந்திருக்கலாமா மாப்ள?"

உட்கார்ந்தோம். ரயில்கள் வந்து வந்து போயின. நண்டுத் தீவுக்குப் போன படகு நனைந்த ஆட்களோடு திரும்பி வந்தது. நானும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டேன். குழந்தைக்கு யார் ஜாடை என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம்கூட நடந்தது. அத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "பத்துமலை எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல மழை. தூரத்துலருந்தே கும்பிட்டுக்கிட்டோம்," என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். உண்மை அவளுக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியும். வீட்டில் எனக்கு என்ன நடக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

இன்றும் யாராவது ஒரே நாளில் கோலாலம்பூரை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் குடை, ரயில், செருப்பு எல்லாம் வழக்கம்போல் சொல்கிறேன். கூட்டிப் போகிறவரை ஒரு மணி நேரமாவது எங்காவது உட்கார விடுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன், ஏன் என்று விளக்குவதில்லை. மூன்று மாதம் எங்களுக்காகவே ஓடி ஓடி உழைத்த ஒருவர், கிளம்புவதற்கு முந்தின நாள் தனக்கென்று கேட்டது ஒரு பெஞ்சில் இன்னும் கொஞ்ச நேரம் மட்டும்தான்.