இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எங்கள் ஆபீசில் படிக்க முடியாத பக்கம் ஒன்று கிடைத்துவிட்டால் கொண்டாட்டம்தான். வெளியாளுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். குண்டர் சட்டத்தில் ஒருவரை உள்ளே போட்டால் வழக்கு நடத்தி நிரூபிக்கிற வேலையெல்லாம் இல்லை. மற்ற வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது. நேராக ஓராண்டு. ஏன் பிடித்தோம் என்பதற்கான காகிதங்களைக் கட்டாகத் தைத்து, ஜெயிலிலேயே அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். கோர்ட்டில் அதற்கு புக்லெட் என்று பேர், வீட்டுக்காரர்களுக்கு அது 'புக்கு'. அந்தப் புக்கில் உள்ளவற்றை அவர் படிக்க முடிய வேண்டும் என்பது சட்டம். படித்தால்தானே மறுப்பு எழுத முடியும்? முக்கியமான ஒரு பக்கம் கறுப்பாக அடித்திருந்தாலும் மொத்த உத்தரவும் ரத்தாகலாம். அவர் தப்பு செய்தாரா இல்லையா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. அதனால் நாங்களும் அதைக் கேட்பதில்லை. பக்கத்தைத்தான் தேடுவோம்.

நான் வக்கீல் இல்லை. மயிலாப்பூரில் ஒரு வக்கீல் மேடத்திடம் குமாஸ்தா. பத்தாவதோடு நின்று டைப்ரைட்டிங் பழகியவன். பிறத்தியார் மனுவை அடித்து அடித்தே சட்டம் தெரிந்துகொண்டேன். அதைவிட எனக்குப் பிடித்தது வருகிற ஜனங்களோடு பேசுவது. "கோர்ட்டுன்னா இன்னா சார்? டோக்கன் குட்த்துட்டு டாக்டரு ஊருக்குப் பூட்ட ஆஸ்பத்திரி" என்று ஒரு மீன்காரம்மா சொன்னதை அப்படியே ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். மேடம் சொல்வார், "உங்களை விட்டா சுவரோட கூடப் பேசிண்டு இருப்பேள்." நிஜம்தான். மூன்று மணி நேரம் பேசுவேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் அன்றைக்குச் சொல்லாமல் விட்டேன்.

அந்தப் பெண் மந்தைவெளியிலிருந்து வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தி.நகரில் ஒரு தையல் கடையில் ஆரி வேலை. ஜாக்கெட் துணியில் மயில், மாங்காய் என்று படம் வரைந்து கொடுப்பது அவள் பொறுப்பு. டிரேசிங் பேப்பரிலிருந்து துணியில் இறங்கும் கோடு லேசாகத்தான் விழுமாம். அதன்மேலேயே பேனாவை ஓட்டித் தெளிவாக்கினால்தான் மற்ற பெண்கள் ஊசி போட முடியும். அப்பா அம்மா இல்லை. தம்பி ஒருவன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் நடந்த ஒரு கைகலப்பில் இருந்திருக்கிறான், அதை அவளே ஒப்புக்கொண்டாள்.

"அட்ச்சான்ணா, இல்லன்னு சொல்ல மாட்டேன். வாய் ஜாஸ்தி அவனுக்கு. ஆனா இன்னோரு கேஸு போட்டுகிறாங்க பாரு, கத்திய காட்டி செல்போன் புட்ங்குனான்னு, அது எனக்கு நம்பிக்க இல்ல."

அந்த இன்னொரு வழக்கைப் பற்றி முன் பக்கத்து அட்டவணையில் ஓர் எண்ணும் சட்டப் பிரிவும்தான் இருந்தன. தம்பி ஜெயிலிலிருந்து அவளிடம் கொடுத்தனுப்பிய புக்கை, அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு புரட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கையால் எழுதிய புகார், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி இருந்தது. மேலே பாதி வெளுப்பு, கீழே பாதி கறுப்பு.

"அடி சக்கை!" என்றேன்.

"இன்னாண்ணா?"

"இந்தப் பக்கம்தாம்மா உன் தம்பியை வெளிய கொண்டுவரப் போறது. இதைவிட முக்கியமான பக்கம் இதுல இல்ல. பத்திரம்."

ஏன் என்று சொல்ல வாயெடுத்தேன். கோர்ட்டிலிருந்து போன் வந்துவிட்டது. பேசி முடித்தபோது அவள் எழுந்து நின்றிருந்தாள், கடைக்கு நேரமாகிவிட்டதாம். எங்கள் ஜெராக்ஸ் மெஷின் அந்த வாரம் ரிப்பேர். "நாலு செட் ஜெராக்ஸ் போட்டு திங்கட்கிழமை கொண்டுவாம்மா" என்று கட்டை அவளிடமே கொடுத்தனுப்பினேன். அவளை வாசல்வரை கொண்டுவிட்டுக் கடையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, மழையைப் பற்றியெல்லாம் பேசினேன்.

திங்கட்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தாள். நாலு செட், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கயிறு கட்டி. முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"கடக்காரரு இந்தப் பக்கம் வராது, கறுப்பா அடிக்கும்னுட்டாரு. நீங்க அதான் முக்கியம்னீங்களே? ஞாயித்துக்கெழம லீவு. உக்காந்து எழுதிட்டேன்."

பிரித்துப் பார்த்தேன். ஒரிஜினலிலேயே எழுதியிருந்தாள். மங்கிப் போன ஒவ்வோர் எழுத்தின்மேலும் கறுப்பு மையால் ஓட்டியிருந்தாள். எழுதியவரின் சாய்வு, சுழி, அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே இருந்தன. எங்கும் கோடு விலகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் படித்துவிடலாம் போலிருந்தது.

"நல்லா கீதா ண்ணா?"

"நல்லா இருக்கும்மா" என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்வது?

"ரெண்டு மூணு எடத்துல எழுத்தே இல்ல. முன்ன பின்ன பாத்து கண்டுபுட்ச்சேன். என் தம்பி ஒருத்தரு கழுத்துல கத்திய வெச்சான்னு நானே எழுதறேன் பாரு."

மேடம் உள்ளேயிருந்து வந்து பக்கத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். "யாரு எழுதினா இதை?" என்றார். கோபமாக இல்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை மேடம்தான் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். படிக்க முடியாமல் இருந்ததுதான் நமக்கு இருந்த பலம் என்று. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலில் இன்னும் மை இருந்தது.

"அண்ணன் சொல்லலியே" என்றாள்.

குற்றம் சொல்கிற தொனியே இல்லை அதில். அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

அவள் போன பிறகு நான் மேடத்திடம் மெதுவாக ஆரம்பித்தேன். "அந்த ஒரு பக்கம் காணாமப் போயிடுச்சுன்னு சொன்னா..."

"நீங்க போய் ஒரு காபி சாப்ட்டுட்டு வாங்கோ."

"இல்ல மேடம், தண்ணி கொட்டிடுச்சுன்னு..."

"ரெண்டு காபியா சாப்ட்டுட்டு வாங்கோ."

போனேன். குடித்தேன். திரும்பி வந்தபோது அவரே பிரமாண வாக்குமூலத்தை எழுதத் தொடங்கியிருந்தார். நடந்தது நடந்தபடி. பக்கம் மங்கலாகத்தான் கொடுக்கப்பட்டது, விவரம் தெரியாமல் அக்கா அதன்மேல் எழுதிவிட்டாள், இதற்கு நான் பொறுப்பு என்று என் சார்பில் ஒரு வரியும். அதை டைப் அடித்தது நான்தான். அந்த வரியில் மூன்று முறை பிழை விட்டேன்.

அந்தச் செல்போன் பறிப்பு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்டது. மனு விசாரணைக்கு வந்தபோது மார்கழி. மாட வீதியெங்கும் கச்சேரிக்குப் போகிறவர்களின் பட்டுப் புடவைக் கூட்டம். அதைத் தாண்டித்தான் அவளை ஆட்டோவில் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனேன். அரசு வக்கீல் நல்ல மனிதர், எங்களுக்குத் தெரிந்தவர். அவர் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "எழுத்தின்மேலேயே எழுத முடிந்திருக்கிறது என்றால், எழுத்து தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?"

நாலு மாதமாக நாங்கள் பயந்த வாக்கியம். நடுநடுவே எழுத்தே இல்லாத இடங்களை அவள் ஊகித்து நிரப்பியதை மேடம் எடுத்துச் சொன்னார். நீதிபதிகள் பக்கத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் அதைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தார், வியந்தார் என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு, இந்தக் காரணத்தை விட்டுவிடுங்கள், வேறு ஏதாவது உண்டா என்றார். மறுப்பு மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் செய்ததாக இன்னொரு காரணம் வைத்திருந்தோம். அதற்குப் பதில் தர அரசு அவகாசம் கேட்டது. விடுமுறைக்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்கள்.

"தள்ளிவெக்கறதுன்னா எத்தினி நாளு?" என்று அவள் வராந்தாவில் கேட்டாள்.

"நாலு வாரம் இருக்கும்மா. கூடவும் ஆகலாம்."

"அவன்கிட்ட யாரு சொல்றது? நீங்க வாங்கண்ணா."

மறுநாள் காலை, ஜெயிலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் ஒரு போன். இருபத்துமூன்று வயசுப் பையன், தாடி வளர்ந்து பெரியவன் மாதிரி தெரிந்தான். முதலில் என்னிடம்தான் பேசினான்.

"இன்னா தலைவரே, நான் எப்ப வெளிய? ஒரு பக்கம் அவுட்டுன்னு அக்கா சொல்லிச்சே, அது போதும்ல?"

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நான்தான்டா கெட்த்துட்டேன். அது மேலயே எழுதிட்டேன்" என்று அதுவரை அவனிடம் மறைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னாள். போன் அவள் காதில் இருந்தாலும் அவன் கத்தியது எனக்குக் கேட்டது.

"கைய வெச்சுக்கினு சும்மா கெடக்க மாட்டியா நீ? ஊரு ஜாக்கெட்டு பத்தலயா? எம் புக்குலயும் மயிலு வரையணுமா?"

அவள் அழுதாள். அவன் தலையைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டான். பின்னால் அடுத்த ஆள் காத்திருந்தார்.

அப்புறம் அவன் கேட்டான். "சரி, இன்னாதான் எழுதிருந்துச்சு அதுல? நானும் பாத்தேன், ஒரு மண்ணும் தெர்ல."

அந்தக் கேள்வி என்னை அடித்த அடி இருக்கிறதே! எத்தனை புக்கு புரட்டியிருப்பேன்! எத்தனை மங்கிய பக்கத்தைக் கண்டு கைதட்டியிருப்பேன்! அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இவள் எழுதிய பிறகும்கூட நான் அந்தப் பக்கத்தை எழுத்தாகப் பார்த்தேனே தவிர, படிக்கவில்லை. உள்ளே இருப்பவனுக்கோ தான் எந்த நாளில், எங்கே, என்ன செய்ததாகச் சொல்கிறார்கள் என்பதே நாலு மாதத்துக்கும் மேலாகத் தெரியாது.

அவளுக்கு அது மனப்பாடம். வரி வரியாகச் சொன்னாள். ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி, ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து, பச்சைச் சட்டை போட்ட ஒருவன், வலது கையில் கத்தி.

"இரு இரு," என்றான் அவன். "ஆடி மூணாவது வெள்ளியா? உனக்கு அம்மன் கோயில்ல கூழு ஊத்துனாங்களே, தூக்குல எட்த்துக்கினு வந்தியே, அன்னிக்கா?"

"ஆமாண்டா."

"அன்னிக்கு எனக்கு வண்டி பஞ்சராச்சுக்கா! திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட. அஞ்சு மணிக்கு வுட்டேன், ஏழு ஆச்சு. அந்தக் கடையிலதான் உக்காந்துக்கினு இருந்தேன். நீகூட போன் பண்ணி கூழு ஆறுதுன்னு திட்டுனியே! கேளு, அந்தக் கடக்காரர்கிட்ட கேளு. அண்ணா, கேளுங்கண்ணா!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்தே நின்றுவிட்டான். போன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகும் அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

அன்றைக்கே போனோம். அடையாற்றில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, திருவான்மியூரில் இறங்கும்போது மத்தியானம். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார்.

"பாத்த மூஞ்சிதான்மா. இந்தப் பக்கம் ஓட்ற புள்ள. ஆனா அந்த நாளு, அந்த நேரம்னு சத்தியம் பண்ணச் சொன்னா எப்டிம்மா? ஒரு நாளைக்கு எத்தினி வண்டி வருது. அந்த வாரமே வந்து கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கையைத் துடைத்துக்கொண்டு எதிரே இருந்த மருந்துக் கடையைக் காட்டினார். "அங்க கேமரா கீது பாரு. நம்ம கடைய பாத்த மாரிதான் மாட்டிகிறாங்க."

அவள் ரோட்டைக் கடந்த வேகத்தில் பைக்கில் வந்த ஒருவர் திட்டிவிட்டுப் போனார். மருந்துக் கடைக்காரர் நாங்கள் சொன்னதை முழுசாகக் கேட்டார். நாள் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"ஒரு மாசம்தான்மா நிக்கும். அப்புறம் அது மேலயே புதுசா பதிவாயிடும்."

"பழசு எங்கியும் இருக்காதா?"

"இருக்காதும்மா."

"ஒரு தபா பாருங்களேன்."

"பாத்தாலும் போன மாசம்தான் வரும்."

"பரவால்ல. பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னாலிருந்த சின்னத் திரையை அவர் எங்கள் பக்கம் திருப்பி, இருப்பதிலேயே பழைய நாளைப் போட்டார். பஞ்சர் கடை நன்றாகவே தெரிந்தது. ஸ்டூல், அதில் யாரோ ஒரு பெரியவர், பஸ், இன்னொரு பஸ், குடையோடு இரண்டு பெண்கள். அவள் கல்லாமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வருகிற ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.