கோன் இல்லாமல் பள்ளிக்கூடமா?

எங்கள் வீட்டில் அண்மையில் ஒரு வேலைநிறுத்தம். நடத்தியவருக்கு வயது ஆறு.

பெயர் ஆரணி. என் மகளின் மகள். பிறந்தது ஜெர்மனியில். இந்தக் கோடையில்தான் தாய் தகப்பனோடு கனடாவுக்கு, மொன்ரியலில் வில்லரேப் பகுதியிலுள்ள என் வீட்டு மேல்மாடிக்கு வந்தாள். விடிந்தால் பள்ளிக்கூடத்தில் முதல் நாள்.

"கோன் இல்லாமல் நான் போகமாட்டன்!" - சோபாவுக்குப் பின்னாலிருந்து அறிக்கை வந்தது.

என்ன கோன்? ஐஸ்கிரீமா?

மருமகன் விளக்கினார். ஜெர்மனியில் முதலாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை, தன்னில் பாதி உயரமான ஒரு மட்டைக் கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் போகுமாம். உள்ளே இனிப்பும் விளையாட்டுச் சாமானும். கூம்பின் வாயை ரிப்பனால் கட்டியிருக்கும். பள்ளி முடிந்துதான் அவிழ்க்கலாம். பின்னால் குடும்பமே கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு போகும். ஆரணியின் கூட்டாளிகள் கோனோடு நின்று படம் அனுப்பியிருந்தார்கள்.

"நல்ல நாடுதானே! பேந்து ஏன் தம்பி விட்டிட்டு வந்தனீங்கள்?"

"இனிப்பு நாலு வருஷத்துக்குத்தான் மாமா. நாங்கள் இருந்த பக்கத்தில நாலாம் வகுப்பு முடிய டீச்சர் சொல்லுவா - இந்தப் பிள்ளை யூனிவர்சிட்டிப் பக்கம், இந்தப் பிள்ளை தொழில் பக்கம் எண்டு. பிறகு மாறலாம்... ஆனா நல்லாச் சுத்திப் போகவேணும்."

பத்து வயதிலா? பத்து வயதில் நான் மூக்கையே ஒழுங்காகத் துடைத்ததில்லை!

"என்னைத் தொழில் பக்கம் விட்டவை. கிழமையில மூண்டு நாள் வேலை, ரெண்டு நாள் வகுப்பு, கையில சம்பளம். அதாலதானே இண்டைக்கு இஞ்ச டோர்வல் ஏர்போட்டில பிளேன் திருத்திறன்" என்று சிரித்தார். "குறை சொல்லேல்லை மாமா. இவள் அவசரமில்லாமல், கொஞ்சம் ஆறுதலா முடிவெடுக்கட்டும் எண்டு வந்தனாங்கள்."

டிவி வந்த பெட்டியை வெட்டிக் கோன் செய்தோம். நிரப்பும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். அதுதான் பிழை.

பள்ளிக்கூடம் என்றால் நம் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? பன்னிரண்டு பென்சில். ஆறு அழிறப்பர். ஒரு வாய்ப்பாட்டுப் புத்தகம். மேலே, பார்வைக்கு, நாலே நாலு சொக்லேட்.

காலையில் ஊர்வலம் போனோம். புதிதாக வந்த பிள்ளைகள் பிரெஞ்சு பழகும் வகுப்பு அது. வரிசையை எண்ணினேன். ஆரணியோடு பதினெட்டுப் பேர். கோனோடு ஒருத்தி!

அவள் உள்ளே போன பிறகுதான் மகளிடம் சொன்னேன், உள்ளே என்ன இருக்கிறதென்று.

"ஐயோ அப்பா! வாய்ப்பாடோ? அதைக் கண்டாள் எண்டால் நாளைக்குப் போவாளோ?"

அன்று பகல் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கல்விமுறையை ஒரே நாளில் கெடுத்துவிட்டேனா?

பள்ளி விட்டு வந்தாள். ரிப்பனைக் காணோம். கோன் காலி. பறித்துவிட்டார்களா? எறிந்துவிட்டாளா?

"டீச்சர் என்னெண்டு கேட்டா, திறந்து காட்டினன். எல்லாரும் ஓடி வந்தவை, அம்மப்பா! சொக்லேட் வகுப்பில சாப்பிடக்கூடாதாம், பையில வைச்சிட்டா. மற்றதெல்லாம் நான் குடுத்திட்டன். எல்லாரும் மெர்சி எண்டு நன்றி சொன்னவை!"

பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு. மற்றப் பிள்ளைகள் பதினேழு. கணக்கு இடிக்கிறதே?

"டீச்சருக்கும் ஒரு பென்சில்!"

மறுநாள் காலை வீட்டில் எல்லாருக்கும் முதல் சப்பாத்துப் போட்டு வாசலில் நின்றவள் அவள்தான். எந்த நாட்டுக் கல்வி உயர்ந்தது என்று எத்தனையோ கட்டுரை படித்துவிட்டேன். பிள்ளை இரண்டாம் நாளும் ஆசையாய்ப் போனதா என்று ஒன்றாவது கேட்டிருக்கிறதா?

புறப்படும்போது பையிலிருந்து எதையோ எடுத்து என் மடியில் வைத்தாள். வாய்ப்பாடு.

"இதை மட்டும் ஒருத்தரும் எடுக்கேல்லை, அம்மப்பா. நீங்களே வைச்சிருங்கோ."